குக்கர் விசிலும் ஒரே ஒரு ‘உம்’மும்

அண்ணாச்சி,

நம் பழைய குக்கர் போன மாதம் டிவியில் விசில் அடித்தது. அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஜ்மான் வீட்டு அடுப்படியில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் மகள் ஏதோ ஆவணப்படம் போட்டிருந்தாள். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் திரைக்குப் பின்னால் உழைத்துப் பேர் தெரியாமல் போன பெண்களைப் பற்றியது, நிறைய விருது வாங்கியதாம். ஒரு வயதான பெண்மணியின் குரல் கேட்டது. இழுத்து இழுத்துப் பேசும் இங்கிலீஷ், வாக்கியம் முடியும் முன்பே வந்துவிடும் சிரிப்பு. எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசிக்கும்போதே விசில் வந்தது. திரும்பிப் பார்த்தேன், அடுப்பில் குக்கரே இல்லை. இரண்டாவது விசிலில் சந்தேகம் தீர்ந்துவிட்டது. முதலில் சீறி, பிறகு விக்கி, கடைசியில் மூச்சு வாங்கி நிற்கும் அந்த விசில் உலகத்தில் ஒரே ஒரு குக்கருக்குத்தான் உண்டு. பர் துபாய் ரூமில் நாம் வைத்திருந்தது. வெயிட் தேய்ந்துபோய், நீங்கள் ஆஸ்துமா குக்கர் என்று பேர் வைத்தது.

கத்தியும் கையுமாக ஹாலுக்கு ஓடினேன். திரையில் கறுப்பு வெள்ளையில் ஒரு ரயில் புகை விட்டுக்கொண்டு வெட்டவெளியைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. நான் வேக வைத்த ஆட்டுக்கறியை ரயில் ஆக்கிவிட்டார்கள், அண்ணாச்சி.

மகளிடம் சொல்லிப் படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அந்த அம்மாள், "அது என்ன, ரயில் சத்தமா?" என்று கேட்கிறார். உடனே சிரிக்கிறார். பிறகு, சின்ன வயதில் ரயிலேறி ஹாலிவுட்டுக்கு வந்து இறங்கிய கதையைச் சொல்கிறார். நடுவில், போனில் பேட்டி எடுத்த நீங்கள் சொன்ன பதில் இல்லை. "ரயில் இல்லம்மா, என் ரூம்மேட்டு கறி சமைக்காரு" என்று இங்கிலீஷில் நீங்கள் சொன்னதும், என்ன மசாலா என்று அவர் கேட்டதும், நான் அடுப்பிலிருந்தே கத்திச் சொன்னதும் எதுவும் இல்லை. படம் முழுக்க அவர் தானாகவே பேசிக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்காமலேயே, யாரும் போன் போடாமலேயே, காற்றைப் பார்த்துப் பேசுகிறார். கடைசியில் எழுத்து ஓடியபோது டிவிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். படப்பிடிப்புக்குக் காப்பி கொடுத்தவர் பேர்கூட இருந்தது. உங்கள் பேர் இல்லை.

அந்த அம்மாள் யார் என்று மகளுக்கு நான்தான் சொன்னேன். ஒரு பெரிய நட்சத்திரத்துக்குப் பதிலாக நின்றவர். நடிக்க இல்லை, நிற்க மட்டும். விளக்குகளைச் சரி பார்க்க மணிக்கணக்கில் யாராவது அந்த இடத்தில் நிற்க வேண்டுமே, நட்சத்திரம் நிற்குமா? அதே உயரமும் அதே முடி நிறமும் உள்ள ஒரு பெண்ணை நிறுத்தி வைப்பார்கள். வெளிச்சம் சரியானதும் அவளை நகர்த்திவிட்டு நட்சத்திரத்தை அழைப்பார்கள். வருஷக்கணக்கில் அப்படி நின்றவர், எந்தப் படத்தின் டைட்டிலிலும் வந்ததில்லை.

நீங்கள் தேடிப் பிடித்தவர்கள் எல்லாரும் இந்த ரகம்தான். பத்திரிகையில் உங்கள் வேலை சப் எடிட்டர், மற்றவர்களின் இங்கிலீஷைத் திருத்துவது. அந்த வேலைக்கு மேல், வாரம் ஒரு பக்கம் பழைய ஹாலிவுட் வரலாறு எழுதினீர்கள். அந்தப் பக்கத்தை வடிவமைத்தவன் நான் என்பதால் எனக்குத் தெரியும். நட்சத்திரங்களின் காதலையும் விவாகரத்தையும் எழுதியிருந்தால் ஆசிரியர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பார். நீங்களோ தையல் பகுதியில் பொத்தான் தைத்தவர், குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்டவர், ஒப்பனை அறையில் பஞ்சு எடுத்துக் கொடுத்தவர் என்று ஆளைத் தேடினீர்கள். அவர்களின் முதியோர் இல்ல நம்பரைக் கண்டுபிடிக்க எத்தனை பேருக்கு எழுதினீர்கள், எத்தனை பேர் பதில் போடாமல் விட்டார்கள்.

ரூமில் எல்லாருக்கும் நீங்கள்தான் அன்றைய தமாஷ். செத்துப்போகப் போகிற வெள்ளைக்காரியோடு அண்ணாச்சிக்கு என்ன பேச்சு, நம்ம ஊர் நடிகை கிடைக்கவில்லையா என்று கேட்பார்கள். ஒருநாள் நானும் கேட்டேன், கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்.

"அதுவும் ஒரு லேபர் கேம்ப்புதான் பாய். ஸ்டூடியோக்காரந்தான் அவுகளுக்கு கஃபீல். ஏழு வருசம் கான்ட்ராக்ட். அடுத்த கம்பெனிக்குப் போவணும்னா இவன் விடணும். இவன் எப்ப விடுவான்? நம்மள மாதிரித்தாம்லா."

அதற்குப் பிறகு உங்கள் பக்கத்தை நான் வேறு கண்ணோடு வடிவமைத்தேன். நம்மை வேலைக்கு எடுத்து விசா போட்டவன் கையில் நம் போக்கும் வரவும் மாட்டிக்கொண்டிருப்பது எப்படி என்று தெரிந்த ஒருவரால்தான் அந்த ஊரை அப்படி எழுத முடியும். அமெரிக்காவில் இருக்கும் எந்தப் படிப்பாளிக்கும் இவர்களுக்கும் ஒரு கஃபீல் உண்டா என்ற கேள்வி தோன்றியிருக்காது. அந்த அம்மாளிடம் நீங்கள் கஃபீல் என்றால் என்ன என்று விளக்கியபோது அவர், எங்களுக்கு அதற்கு ஒரு வார்த்தை கூட இருக்கவில்லையே என்றார். அந்த இடமும் படத்தில் இருக்கிறது. அவர் சொன்ன பதில் மட்டும். அதை ஏதோ ஞானவாக்கு போல இசை போட்டு வைத்திருக்கிறார்கள்.

போன் போடுவது லீவு நாளான வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு. அந்த அம்மாள் ஊரில் அப்போது வியாழன் ராத்திரி எட்டு. குளிர்காலத்தில் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம் என்பதில் உங்களுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம். போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் டூ இன் ஒன் டேப்பை வைத்து, சுரண்டிய டெலிபோன் கார்டை வரிசையாக அடுக்கிவைத்து உட்காருவீர்கள். பேச்சு நடுவில் கார்டு தீரப்போகிறது என்று ஒரு பெண் குரல் அறிவிக்கும். அந்த அம்மாளுக்கு அது பழகிப்போய், அந்தக் குரல் வந்ததும் அவரே "கலாஸ்?" என்று கேட்பார். தீர்ந்துவிட்டதா என்று, நீங்கள் சொல்லிக்கொடுத்த அரபில். அடுத்த கார்டைப் போட்டு நீங்கள் திரும்பக் கூப்பிடும்வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

எனக்கு வயிறு எரிவது இதற்கெல்லாம் இல்லை. அந்த ‘உம்’முக்கு.

நம் ஊரில் கதை சொல்கிறவருக்கு யாராவது உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால், தூங்கிட்டியா என்று கேட்டு அவர் கதையை நிறுத்திவிடுவார். நீங்கள் இங்கிலீஷில் பேட்டி எடுத்தாலும் உம் கொட்டித்தான் எடுத்தீர்கள். முதல் வாரம் அந்த அம்மாள் பேச்சை நிறுத்தி, ஏதாவது சொன்னாயா, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பழக்கம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம் என்றீர்கள். மூன்றாவது நாலாவது வாரத்தில் அவரே அதற்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வரி சொல்லி நிறுத்துவார். நீங்கள் உம் என்றால்தான் அடுத்த வரி. நீங்கள் தண்ணீர் குடிக்கப் போனால், இருக்கிறாயா என்று கேட்பார். அந்த அம்மாள் அவ்வளவு பேசியதே அந்த உம்முக்காகத்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். தன் வாழ்நாள் முழுக்க ஒருத்தியின் இடத்தில் நின்றவரிடம், நீ சொல்லு, நான் கேட்கிறேன் என்று வாரா வாரம் ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தனை உம்மையும் துடைத்துவிட்டார்கள். ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது. நட்சத்திரத்துக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், கதவைத் தாண்டி நடந்து போகும் காட்சிக்கு இந்த அம்மாளை நடக்க விட்டார்கள் அல்லவா, முதுகு மட்டும் தெரியும்படி? "அந்த முதுகு என்னுடையது" என்று அவர் சொல்லும் இடம். அவர் முடிப்பதற்குள் நீங்கள் உம் என்றுவிட்டீர்கள். இரண்டு குரலும் ஒன்றாகக் கலந்துவிட்டதால் அவர்களால் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை போலிருக்கிறது. மகளிடம் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். பிறகு உங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடுவீட்டில் கத்தியோடு அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகைதான்.

இந்த ஆத்திரத்தில் பாதி உங்கள் மேல், அண்ணாச்சி. இறந்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

கட்டட விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று உங்கள் பக்கத்தை நிறுத்தினார்கள். நீங்கள் சண்டை போடவில்லை. இன்னும் தோண்டாத குழியில் நிற்கப்போகும் கோபுரத்தின் படத்தை உங்கள் இடத்தில் என் கையால்தான் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். நீங்கள் பக்கத்தில் நின்று, படம் நல்லாத்தான் இருக்கு பாய் என்றீர்கள். பக்கம் நின்ற பிறகும் வெள்ளிக்கிழமை போனை நிறுத்தவில்லை. யாருக்காக எடுக்கிறீர்கள் என்றால், எடுத்து வைப்போம் என்பீர்கள்.

அப்புறம் அந்த அமெரிக்கக்காரர் வந்தார். ஏதோ கருத்தரங்குக்குத் துபாய் வந்த இடத்தில் உங்கள் பழைய பக்கங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு ஓட்டலுக்குக் கூப்பிட்டார். பழைய படச் சமாச்சாரங்களைச் சேகரிக்கிறவராம். நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு டேப்புகளை லுலு பையில் போட்டுக்கொண்டு போனீர்கள். நகல் எடுத்துக் கொடுங்கள் என்றேன். குறைந்தபட்சம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள் என்றேன். நல்ல மனுசனா இருக்காரு பாய், பத்திரமா வெப்பாராம் என்று வெறும் பையோடு திரும்பி வந்தீர்கள். ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தாராம். இன்று அந்தச் சேகரிப்பிலிருந்துதான் படத்துக்கு எடுத்திருக்கிறார்கள். அங்கே டேப் வைத்த பெட்டிமேல் என்ன எழுதியிருந்தது என்று படத்தின் டைரக்டரே பிறகு சொன்னார், தெரியுமா? பேட்டி எடுத்தவர் யாரென்று தெரியவில்லை.

அன்றைக்கு நான் கத்தியபோது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அவுக கதைய யாராவது கேட்டாச் சரி பாய். யாரு கேட்டாங்கிறது எதுக்கு?"

பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று உங்களைச் சொல்வதில் ஒரு பெருமை இருப்பது போல எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதில் பெருமை தெரியவில்லை.

விசா கேன்சல் ஆகி ஊருக்குக் கிளம்பியபோதும் அப்படித்தான். அமெரிக்கக்காரருக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்த ஒரு பெட்டி டேப்பை நீங்கள் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் ஊருக்குப் போகிறவர் என்று தெரிந்ததும் ஆளாளுக்குப் பார்சலைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்கள். பால் பவுடர், தைலம், எவனோ மச்சினனுக்கு வாங்கிய ஷூ. நீங்கள் யாரையும் மறுக்கவில்லை. பெட்டியை நிறுத்துப் பார்த்தால் எடை கூடிவிட்டது. ஷூவை எடுத்து வெளியே வைப்பார் என்று பார்த்தேன், டேப்பை எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். அடுத்த லீவுக்கு வரும்போது கொண்டு வா பாய் என்றீர்கள். அடுத்த லீவுக்கு முன்னால் உங்கள் மரணச் செய்தி வாட்ஸப்பில் வந்தது. எவனோ ஒருத்தன் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் துஷ்டிக்கு வந்திருப்பான்.

ஆனால் அந்தப் பெட்டி என்னிடம் இருக்கிறது. இந்தப் பட டைரக்டருக்கு மகளை விட்டு மெயில் எழுதச் சொன்னேன். உங்கள் பேரை இனிஷியலோடு, ஊரோடு எழுத வைத்தேன். வாழ்நாளெல்லாம் அண்ணாச்சி என்றே கூப்பிட்டுவிட்டு உங்கள் முழுப்பேரை எழுதச் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது. பதில் உடனே வந்தது. வீடியோவில் பேசலாம் என்றார்கள்.

டைரக்டர் சின்ன வயசுப் பெண். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். ஆதாரம் இருக்கிறதா என்று நயமாகக் கேட்டார். உங்கள் பெட்டியிலிருந்து கடைசி டேப்பை எடுத்துப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த அம்மாள் உங்கள் பேரைத் திரும்பவும் சொல்லு, சரியாக உச்சரிக்க வேண்டும் என்று கேட்டார். அது இருக்கட்டும் அம்மா, அது முக்கியமில்லை என்றீர்கள். அப்போது அவர் போட்ட அதட்டலில் நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"அதை என்னிடம் சொல்லாதே. வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல், என்னிடம் சொல்லாதே."

பிறகு ஒவ்வொரு எழுத்தாக உங்களிடம் கேட்டு, தப்பாகச் சொல்லி, திருத்தி, மறுபடி சொல்லி, கடைசியில் சரியாகச் சொன்னார். இனிஷியலைக்கூட விடவில்லை. அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்தேன். யாரு கேட்டாங்கிறது எதுக்கு என்று சொன்ன மனிதரின் முகமாக அது இல்லை.

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே அழுதார் என்றுதான் நினைக்கிறேன். நான் மூன்றே விஷயம் கேட்டேன். பேட்டி எடுத்தவர் என்று உங்கள் பேர் படத்தின் தொடக்கத்தில் வர வேண்டும். துடைத்த உம்மையெல்லாம் திரும்ப வைக்க வேண்டும். ரயிலை எடுக்க வேண்டும். அவர் மெதுவாகப் பேசினார். படம் முடிந்துபோன விஷயமாம். அந்த முனகல் பார்க்கிறவர்களின் கவனத்தைக் கலைக்கிறதாம். ரயில் வரும் இடம்தான் எல்லாருக்கும் ரொம்பப் பிடித்ததாம். கடைசியில் நன்றி சொல்லும் வரிசையில் உங்கள் பேரைச் சேர்க்க முயற்சி செய்வாராம். அதைச் சொன்ன மூச்சிலேயே, இந்த டேப் அற்புதம், இரண்டாம் பாகத்துக்கு இந்தப் பெட்டி முழுவதும் கிடைக்குமா என்றார்.

முனகல். உங்கள் உம்முக்கு அந்தப் பெண் வைத்த பேர் அது.

நான் பேச்சை முடித்துவிட்டேன். மகள், "வாப்பா, அவங்க பொலைட்டாத்தானே கேக்குறாங்க, நேம் போடுறேன்னுதானே சொல்றாங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. பேரில்லாத பெண்களுக்குப் பேர் வாங்கித் தருகிறேன் என்று விருது மேடையில் பேசுகிறவர், தன் படத்திலேயே ஒருத்தரின் பேரைப் பிச்சை மாதிரி கடைசி வரிசையில் போட முயற்சி செய்கிறாராம். இதில் எங்கே மரியாதை இருக்கிறது என்று கேட்டேன். அவளே அந்த டேப்பை முழுக்கக் கேட்டாள். அதற்குப் பிறகு பொலைட் என்ற பேச்சை எடுக்கவில்லை.

போன வாரம் கூரியர்க்காரன் வந்து கதவைத் தட்டினான். நான் சம்மதம் சொல்லாமலேயே படத்துக்காரர்களாகவே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பெஷாவர்ப் பக்கத்துப் பையன், வெயிலில் முகமெல்லாம் வேர்த்துப்போய் நின்றான். பிக்கப் இருக்கிறது பாய், ஒரு பெட்டி, அமெரிக்காவுக்கு என்றான். "பார்சல் மாஃபி, பாய்" என்று மறுத்தேன். போனில் இருப்பதை எனக்குக் காட்டினான். அனுப்புகிறவர் பேர் என்ற இடத்தில் என் பேர் இருந்தது. பொருள் என்ற இடத்தில் பழைய டேப்புகள் என்று இருந்தது. உங்கள் பேர் அதிலும் இல்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அதே சூட்டோடு பெட்டியைத் திறந்தேன். இப்போது வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை இங்கே, அதனால் நம் காலை எட்டு மணியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். மகள் ஒவ்வொரு டேப்பாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். எதையும் துடைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். கார்டு தீர்ந்த அறிவிப்பு, கலாஸ், குக்கர், அதட்டல், எல்லாம் அப்படியே இருக்கிறது. முதல் டேப்பை நேற்று இணையத்தில் எல்லாரும் கேட்கும்படி போட்டாள். தலைப்பில் அந்த அம்மாள் பேரும் உங்கள் பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒரே அளவு எழுத்தில். பக்கம் வடிவமைக்கிறவன் கண்ணால் அளந்து பார்த்துவிட்டேன்.

டைரக்டரிடமிருந்து இன்று காலை நீண்ட மெயில். அந்தப் பெண்களின் கதை உலகத்துக்குப் போய்ச் சேர்வதுதான் முக்கியம், யார் கேட்டார்கள் என்பது அதற்குத் தடையாக இருக்கக் கூடாது, நான் ஒத்துழைப்பேன் என்று நம்புவதாக எழுதியிருக்கிறார். மகள் எனக்காக அதை உரக்கப் படித்தாள். நீங்கள் அன்று சொன்ன அதே வார்த்தை, அண்ணாச்சி. உங்கள் வாயில் அது பெருந்தன்மையாக இருந்தது. எடுத்துக்கொண்டவர் வாயிலிருந்து அது வரும்போது என்னவாக இருக்கிறது என்று பார்த்தீர்களா?

ஒவ்வொரு வரியின் முடிவிலும் மகள் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். உங்களோடு அத்தனை வருஷம் ஒரே ரூமில் இருந்து எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அவள் படித்து முடிக்கும்வரை வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கதைக்கு நான் உம் கொட்டவில்லை.